படம் விரித்துப் பாடும் ஊர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



கல்முனைக்குடியிற் பிறந்து, கிறிஸ்தவ மிஷன் பாடசாலையிற் படித்து, இப்போது சர்வகலாசாலையில் இருக்கும் ஒரு முஸ்லிம் பையன் இந்து வாலிபர் சங்க மேடையில் ஏறி நிற்பதைக் கண்டு உங்களிற் சிலர் புன்னகை செய்கிறீர்கள். நானும் புன்னகையோடுதான் ஏறினேன். உங்கள் செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு, ‘உல்லாசப் பிரயாணமும் நமது கலைகளும்’ என்பது. அத்தலைப்பில் அரசாங்க அறிக்கை எழுதலாமேயன்றிப் பேச்சுப் பேச முடியாது. ஆகவே ஓர் ஊரைப்பற்றிப் பேச அநுமதி கேட்டேன். அவரும் பெருந்தன்மையோடு இணங்கினார்.

அவ்வூரின் பெயர் நயா. மேற்கு வங்காளத்தில், மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில், பிங்களா என்ற பகுதியில் உள்ள சிறு கிராமம். கல்கத்தாவிலிருந்து ரயிலேறி பாலிசக் என்ற நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தெருவழியே போகவேண்டும். அங்கே வாழும் படுவாக்கள் என்னும் கூட்டத்தார் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே: சித்ரகார். சித்திரம் எழுதுவோர் என்பது பொருள். துணியை ஒட்டிய நீண்ட காகிதச் சுருளில், மேலிருந்து கீழாகக் கட்டங் கட்டமாக ஒரு கதையைத் தீட்டுவார்கள். பின்னர் அச்சுருளை மெல்ல மெல்ல விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலாற் சுட்டிக் காட்டி, அக்கதையைப் பாடுவார்கள். பாட்டு முடிய, படமும் முடியும்.

சிலருக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆனால் மிகப் பழைய தொழில் இது. விசாகதத்தர் எழுதிய முத்திராராக்ஷசம் என்ற வடமொழி நாடகத்தின் முதல் அங்கத்திலே சாணக்கியனுடைய ஒற்றன் ஒருவன் யமபடம் காட்டிப் பாடுபவன் வேடத்தில் வீடு வீடாகச் சென்று உளவறிந்து வருகிறான். எந்த வீட்டு வாசலிலும் தடையின்றி நுழையக் கூடியவன் படம் காட்டிப் பாடுபவனே என்பது அக்காலத்து அரசியல்வாதிகளுக்கும் தெரிந்திருந்தது! ஒற்று வேலைக்குக் கூடக் கதைகாரன் வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

இனி, நான் இந்த மேடையிலே இவ்வூரைப்பற்றிப் பேச ஆசைப்பட்டதன் காரணத்துக்கு வருகிறேன். நயாவின் படுவாக்கள் முஸ்லிம்கள். அவர்கள் தொழுகிறார்கள், நோன்பு பிடிக்கிறார்கள். பாடுவதோ மானஸா தேவியின் கதை, இராமன் கதை, கிருஷ்ணன் கதை. அவர்களில் அநேகருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. இந்து வீட்டு முற்றத்தில் நின்று பாடும்போது ஒரு பெயர், தங்கள் வீட்டில் ஒரு பெயர். பிரமவைவர்த்த புராணத்திலே விசுவகர்மாவின் புதல்வருள் ஒருவனாகிய சித்திரகாரன், சாஸ்திர முறை தவறிப் படம் எழுதியதற்காகச் சபிக்கப்பட்டான் என்று ஒரு கதை உண்டு. தங்கள் நிலைமைக்கு அதையே காரணமாகக் காட்டுவோரும் உண்டு. முஸ்லிமாயிருந்துகொண்டு தேவர் கதை பாடலாமோ என்று இந்தப் பக்கத்தார் கேட்டார்கள். நம் கதையைப் பாட இவன் யார் என்று அந்தப் பக்கத்தார் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் நடுவிலேதான் அந்தப் பாட்டு நூற்றாண்டுக் கணக்காக உயிர்வாழ்ந்து வந்தது. மருதமுனை முதல் காரைதீவு வரை நமது நெடுந்தெருவில் வாழ்பவர்களுக்கு இந்நிலைமையை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பாட்டுக்குக் கூலி படி அரிசி. சில வேளைகளிற் கொஞ்சக் காசு, பழைய துணி. அந்தப் பழைய துணியே அடுத்த படத்துக்குப் பின்துணியாகும். கிராமங் கிராமமாக நடந்து, ஒரு சுருளை ஒரே நாளிற் பத்து வாசலில் விரிப்பார்கள். சினிமா வந்தது, வானொலி வந்தது, பின்னர் தொலைக்காட்சியும் வந்தது. கதை கேட்க முற்றத்தில் உட்காரும் வழக்கம் குறைந்தது. குருசதய் தத்தர் என்ற ஐ.சி.எஸ். உத்தியோகத்தர், 1941இல் காலமானவர், இக்கலை அழியுமே என்று அஞ்சி, படங்களைச் சேகரித்தார். பாடல்களைத் தொகுத்து 1939இல் நூலாகவும் வெளியிட்டார். அவர் சேகரித்தவை இன்றும் கல்கத்தாவுக்கருகே அவர் பெயரால் அமைந்த நூதனசாலையில் இருக்கின்றன. ஆனால் நூதனசாலையில் இருக்கும் படம் பாடுவதில்லை. பாடுகிறவர்களோ ரிக்ஷா இழுக்கவும் கூலி வேலைக்குமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்பொழுது நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த சங்கதி. துக்குஷ்யாம் சித்ரகார் என்ற முதியவர் நயாவிலே இருந்தார். படம் காட்டித் தெருவிற் பாடுவது பெரும்பாலும் ஆண்களின் தொழிலாயிருந்த காலத்தில், அவர் பெண்களுக்கும் பாடவும் எழுதவும் சொல்லிக் கொடுத்தார். அதற்காக அவர் கேட்ட ஏச்சுக்கள் எத்தனையோ! இன்று அவ்வூரின் புகழ்பெற்ற பெயர்களை எடுத்துப் பாருங்கள்: சுவர்ணா சித்ரகார், மொய்னா சித்ரகார் என்று பெண்களின் பெயர்களே முன்னுக்கு வருகின்றன.

கல்கத்தாவில் 2000ஆம் ஆண்டில் பங்களாநாடக் டாட் கொம் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய அமிதாவ பட்டாச்சார்யா என்ற பொறியியலாளரும் அவருடைய கூட்டத்தினரும் இவ்வூருக்கு வந்தார்கள். தானம் கொடுப்பதற்காக அவர்கள் வரவில்லை. பழைய ஆசிரியர்களைக்கொண்டு இளையவர்களுக்குப் பாட்டும் பழைய வர்ணமுறையும் பயிற்றுவித்தார்கள். கலைஞர்கள் சித்ரதரு என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். 2010 முதல் கார்த்திகை மாதத்தையொட்டி ‘பட மாயா’ என்று மூன்று நாள் விழா நடத்தத் தொடங்கினார்கள். அந்நாட்களில் வீட்டுச் சுவரெல்லாம் சித்திரம், முற்றமெல்லாம் சுருள்கள். முன்பு படுவா ஊர் ஊராக நடந்தான்; இப்போது ஊர் அவனிடம் நடந்து வருகிறது. விழா இல்லாத நாளிலும் பிரயாணிகள் வருகிறார்கள். தங்குகிறார்கள். காக்கணம்பூவிலிருந்து நீலமும், மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும், விளக்குக் கரியிலிருந்து கறுப்பும் எடுத்து, வில்வம்பழப் பிசினோடு கலப்பதைக் கூட இருந்து பழகுகிறார்கள். 2018இல் வங்காளத்துப் படச்சித்திரத்துக்குப் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

பணம் வந்த கதையோடு நான் நிறுத்தியிருந்தால், என்னை ஒரு வியாபார மாணவன் என்று கொள்ளுங்கள். என்னைக் கவர்ந்தது வேறொன்று. இவர்கள் பழைய தேவர் கதையை மட்டும் பாடவில்லை. எயிட்ஸ் நோயைப்பற்றிச் சுருள் எழுதி, ஊர் ஊராய்ப் போய், நோயாளியைத் தள்ளிவைக்காதீர்கள் என்று பாடினார் சுவர்ணா. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக உயிர்கொடுத்த மார்ட்டின் லூதர் கிங்கின் சரிதத்தை மனு சித்ரகார் தீட்ட, அது 2010இல் நம் சென்னையிலுள்ள தாரா புக்ஸ் பதிப்பகத்தால் நூலாக வந்தது. அதே பதிப்பகம் 2011இல் மொய்னாவின் படங்களோடு சீதை தன் வாயாற் கூறும் இராமாயணத்தையும் வெளியிட்டது. அதற்கும் முன், 2009இல், மொய்னாவும் ஜொய்தேப் சித்ரகாரும் எழுதிய ஒரு சுருள் நூல் வந்தது. அதன் பெயர் ‘சுனாமி’.

ஆம், பெரியோர்களே. 2004 மார்கழி 26ஆந் திகதி நமது கரையை அடித்த அதே கடல். அந்தக் கடல் நயாவைத் தொடவில்லை. அவ்வூரார் செய்தியிற் கேட்டார்கள், தொலைக்காட்சியிற் கண்டார்கள், எழுதினார்கள், பாடினார்கள். அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாம், நமது கதையை வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு வழியும் செய்யாமலிருக்கிறோம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. துயரம் தொண்டையை அடைத்தவனுக்குப் பாட்டு வராது. தூரத்தில் நின்றவனுக்கே முதலிற் பாட வரும்போலும்.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அறுகம்பைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வான், எங்கள் ஊரிலே ரயர் பழுதாகி நின்றது. உங்களுக்குத் தெரியும், மட்டக்களப்பிலிருந்து அலைச்சறுக்கு விளையாடப் போகிற உல்லாசப் பிரயாணிகள் அனைவரும் நமது பிரதான வீதியாலேதான் போகிறார்கள்; ஒருவரும் நிற்பதில்லை. ரயர் பழுதானால் நிற்பார்கள்! அன்று நின்றவர்கள் ஒரு வயோதிபத் தம்பதிகள். எனக்கு மிஷன் பாடசாலை தந்த இங்கிலீசு இருந்தது. அவர்களைக் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப்போய், நாகூர் ஆண்டகை பேரில் வருடந்தோறும் கொடியேறுவதைச் சொன்னேன். “ஏன் நாகூரார்? ஏன் கடற்கரையில்? ஏன் இந்துக்களும் நேர்ச்சை கொண்டுவருகிறார்கள்?” என்று அந்த அம்மையார் கேட்டார். எனக்கு ஒரு விடையும் தெரியவில்லை. வேர்ட்ஸ்வர்த் என்ற கவிஞர் எந்த ஏரிக்கரையில் வாழ்ந்தார் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். கடைசியில் சுனாமி வந்தது, இவ்வளவு பேர் மாண்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கண் கலங்கி, கைப்பையைத் திறந்து, எனக்குக் காசு நீட்டினார். அந்தக் காசை வாங்காமல் விட்டேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வாங்கியிருந்தால் அது எதற்கான கூலி என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்த இரவு வாப்பாவின் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு காலத்திலே களிகம்பு அண்ணாவியார். கலியாண வீடு, சுன்னத்து வீடு, பெரிய மனிதர் வரவேற்பு என்றால் அவருடைய கூட்டம் முன்னே கம்படித்துப் போகும். உங்கள் பக்கத்துக் கோலாட்டத்துக்கு அது சகோதரம். பாட்டு மட்டும் எங்களுடையது. 2004 மார்கழி 25ஆந் திகதி இரவு சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் ஆடிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டார். மறுநாட் காலை கடல் வந்தபோது வீட்டிலே உம்மாவின் மாமி, அதாவது அவருடைய மனைவி, தனியே இருந்தார். நான் பிறந்து ஒரு வருடந்தான். என்னையும் உம்மாவையும் கூரையில் ஏற்றியவர்கள் அவரை ஏற்ற முடியவில்லை. கம்புகள் சம்மாந்துறையில் இருந்ததால் ஒன்றும் பழுதில்லாமல் தப்பின. அன்று தொட்டு வாப்பாவின் வாப்பா அவற்றைக் கையால் தொடவில்லை.

பிரயாணிகளின் கதையைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. பின்பு ஒருநாள் நயாவின் சுனாமிச் சுருளைக் கைத்தொலைபேசியிற் காட்டினேன். அலையை ஒரு பெரிய முகமாக அவர்கள் தீட்டியிருந்தார்கள். நெடுநேரம் பார்த்தார்.

“இந்த மனுசர் கடலைக் கண்டிருக்காங்களா, வாப்பா?”

“இந்தக் கடலைக் காணல்ல.”

“அப்ப முகம் இருந்தது அவங்களுக்கு ஆரு சொன்னது?”

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் மறுநாள் அசர் தொழுதுவிட்டு வந்து, பெட்டியைத் திறந்து கம்புகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, இப்போது எனது ஆசையைச் சொல்லிவிடுகிறேன். மருதமுனையிலிருந்து காரைதீவு வரை உள்ள இந்த ஆறு மைல் அளவான தெருவை எண்ணிப் பாருங்கள். மருதமுனையிலே கைத்தறி. பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன். பாரதக் கதையே பதினெட்டு நாள் சடங்காக நடந்து தீமிதிப்பில் முடிகிறது. கல்முனைக்குடியிலே கடற்கரைப் பள்ளி. காரைதீவிலே கண்ணகை அம்மன். வைகாசிக் குளிர்த்தியில் வழக்குரை படிக்கும் ஊர். 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்ததும் அங்கேதான். அவரும் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பள்ளியிலே படித்தவர் என்பதை எனக்கு ஒரு சிறிய சாட்சியாக வைத்துக்கொள்கிறேன்: மிஷன் பள்ளிக்குப் போனவன் யாழ்நூல் எழுதலாம், குறைந்தபட்சம் கம்படிக்கவாவது பழகலாம். ஆறு மைலில் இத்தனை கதைகள் உள்ள தெரு வேறெங்கே இருக்கிறது? அத்தெருவிலேதான் வான்கள் நில்லாமற் போகின்றன.

கூத்து ஆடி ஓய்ந்த அண்ணாவிமார், வழக்குரை பாடிய பெரியவர்கள், களிகம்பு அடித்தவர்கள், பள்ளிக் கொடியேற்றத்தில் பைத் சொன்னவர்கள், எல்லோரும் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களே கதை சொல்லிகளாக, இரண்டு ஊர்ப் பையன்களும் பெண்பிள்ளைகளும் மொழிபெயர்ப்பாளராக, ஒரு நாள் நடையாக வருவோரை அழைத்துச் செல்லும் ஒரு சிறு தொழிலை ஏன் நடத்தக்கூடாது? ஆட்டம் ஓய்ந்தவனுக்கு வயிற்றுக்கும் வரும். கதை வாயை விட்டு அடுத்த வாய்க்கும் போகும். 1960களிற் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனார். அது பெரிய காரியம். அன்று கூத்து நகரத்துக்குப் போனது. இன்று நகரத்தையும் உலகத்தையும் களரியடிக்கு வரவழைக்கலாமே.

இதற்குள்ள இடர்களை மறைத்தால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். நயாவிலும் இடர் உண்டு. வருகிறவர்களிற் பலருக்கு வங்காளி தெரியாது. அவர்களுக்குப் படம் வேண்டும், பாட்டு வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பாட்டு ஐந்து நிமிஷமாகச் சுருங்குகிறது. இப்போது சட்டையிலும் குடையிலும் விளக்கு மறைப்பிலும் அதே மீனும் அதே கிளியும் விற்பனையாகின்றன. அவற்றுக்குப் பாட்டே கிடையாது. பாட்டுக்காகப் படம் இருந்த காலம் போய், படத்துக்காகப் பாட்டு ஓரமாய் நிற்கிற காலம் வந்துவிடுமோ என்று அங்குள்ளவர்களுக்கே கவலை. இலாபமான தொழிலுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு. கண்டியில் மாலை நேரத்தில் பிரயாணிகளுக்காக நடக்கும் நடனத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர் குறைவைத்து ஆடுவதில்லை, ஆயினும் ஆடுகிற கதையை யாரும் கேட்பதில்லை.

வேறு இடரும் உண்டு. பாட்டும் ஆட்டமும் மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற தர்க்கம் எங்கள் வீட்டுச் சோற்றுச் சஹனைச் சுற்றியே நடக்கிறது. என் சின்ன மாமா கூடாது என்பவர். அவர் நல்ல மனிதர், அவருடைய நியாயத்தை நான் இகழமாட்டேன். சடங்கைக் காட்சிப் பொருளாக்கலாமோ என்று இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களும் கேட்பீர்கள். அதுவும் சரியான கேள்வி. தீமிதிப்பை ஒருவரும் பிரயாணிக்காக நடத்தக்கூடாது, கொடியேற்றத்தையும் நடத்தக்கூடாது. அவை நடக்கிற நாளில் நடக்கட்டும். அவற்றின் கதையைத்தான் மற்ற நாட்களிற் சொல்லலாம் என்பது என் எண்ணம். சுனாமிக் கதையைச் சொல்லிக் காசு வாங்கலாமா? இதற்கு எனக்கு இன்னும் முடிவான விடை இல்லை. சொந்தக்காரரே விரும்பிச் சொன்னால் சொல்லலாம், வேறொருவன் அவருக்காகச் சொல்லக்கூடாது என்ற அளவுக்கு வந்திருக்கிறேன். அந்த அம்மையார் எனக்கு நீட்டிய காசு, நான் காணாத துயரத்துக்கு அல்லவா?

1985ஆம் ஆண்டையும் 1990ஆம் ஆண்டையும் மறந்துவிட்டு இதைப் பேச முடியாது என்று யாரோ பின்வரிசையில் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மறக்கச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்திலும் அந்த வருடங்களைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது என்பதை நானும் கண்டிருக்கிறேன். பிரதேச செயலகம் யாருக்கு என்ற பிணக்கையும் இன்று நான் தீர்க்க வரவில்லை. அதைத் தீர்க்கவென்று நம்மிலும் பெரிய ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள், அவர்கள் ஆறுதலாகத் தீர்க்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். பாண்டிருப்பின் கதையைக் கல்முனைக்குடிப் பையன் ஒருவன், கேட்டுப் பழகி, பிழையில்லாமல் ஒரு பிரயாணிக்குச் சொல்லக் கூடுமா? கடற்கரைப் பள்ளியின் கதையைப் பாண்டிருப்புப் பையன் சொல்லக் கூடுமா? நயாவின் படுவா அடுத்தவருடைய கதையைத்தானே இத்தனை காலமும் பாடிச் சோறு தின்றான்!

எங்கள் முயற்சி இப்போது எந்த நிலையில் உள்ளது என்று கேட்பீர்கள். பெயர் இல்லை, பதிவு இல்லை, காசும் இல்லை. என்னுடன் படிக்கும் நாலைந்து பேர் பெரியவர்களிடம் போய்க் கதைகளைக் கேட்டு எழுதி வருகிறோம். கடற்கரைப் பள்ளியைப்பற்றி அந்த அம்மையார் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இப்போது ஐந்து விதமான விடைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று முரண், ஆயினும் எல்லாம் கேட்க நல்லாயிருக்கின்றன.

வாப்பாவின் வாப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். “வெள்ளைக்காரனுக்குச் சொல்லுறதுக்கு முதல், நம்மட பிள்ளைகளுக்குச் சொல்லித் தாறன். ரெண்டு ஊர்ப் பிள்ளைகளும் வரட்டும். வந்து கம்பைப் புடிக்கட்டும். புடிச்சுப் பழகினவன் கதை சொல்லட்டும்” என்றார். மாமா என்ன சொல்வார் என்று கேட்டேன். “அவன் வந்து குந்தியிருந்து பாக்கட்டும். பாக்கிறது கூடாதெண்டு அவன் சொல்லல்ல” என்றார்.

சம்மாந்துறையிலிருந்து திரும்பி வந்த கம்புகள் இருபத்துநான்கு. ஆளுக்கு இரண்டாகப் பன்னிரண்டு பேர் வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்துவிட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் முதற் பாடம். இன்னும் நான்கு பேருக்கு இடமிருக்கிறது. விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் உங்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். தாளம் தெரியாதவர்களும் வரலாம், எனக்கும் தெரியாது.